மீன்தொட்டிப் பீடத்தின் தகு உயரம்: மும்மத ஆராய்ச்சி

ஆய்வுச் சிக்கலும் எல்லையும்

தமிழ் வீட்டில் எந்தப் பொருள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில் பெரிய பிணக்கு கிடையாது. சுவிட்ச் போர்டு நாலரை அடி. சமையல் மேடை இரண்டே முக்கால். முறுக்கு டப்பா, வீட்டின் கடைசிப் பிள்ளை ஸ்டூல் போட்டும் எட்டாத உயரம். இவற்றையெல்லாம் யாரும் விவாதித்து முடிவு செய்யவில்லை; கொத்தனாரும் தச்சரும் பாட்டிமாரும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்த அளவுகள். மீன்தொட்டியை வைக்கும் ஸ்டாண்டுக்கு மட்டும் அப்படி ஒரு மரபளவு அமையவில்லை. தொட்டியோடு சேர்த்து ஸ்டாண்டையும் கடையிலேயே வாங்கியவர் தப்பித்தார். அவருக்கான உயரத்தை வேறு யாரோ, வேறு ஏதோ காரணத்துக்காக, முன்பே முடிவு செய்துவிட்டார்கள். தானே செய்துகொள்வது என்று துணிந்தவர்தான் டேப்பை இழுத்துப் பிடித்தபடி வெற்றுச் சுவரின் முன் நிற்கிறார். பின்னாலிருந்து மூன்று பேர் மூன்று அளவு சொல்கிறார்கள்.

அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளப்படுவது 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி. நடுத்தரக் குடும்பத்தின் கூடம் தாங்கும் தொட்டி. ஃபிரிட்ஜின் தலையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் வாழும் ஃபைட்டர் மீன் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அது தனியாக ஒரு முனைவர் பட்டத்துக்கு உரியது.

"உயரம்" என்று இங்கே சொல்வது தரையிலிருந்து ஸ்டாண்டின் மேல்தட்டு வரையுள்ள அளவு. தொட்டியின் விளிம்பு அதற்கு மேலே 18 அங்குலத்தில் இருக்கும். தொட்டியின் நடுமட்டம் 9 அங்குலத்தில். பார்வையாளரின் கண், நடுமட்டத்துக்கு நேராக அமைவதே தகு உயரம் என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஆகவே கண்மட்டத்திலிருந்து 9 அங்குலத்தைக் கழித்தால் விடை வந்துவிடும். இவ்வளவு எளிதாக முடிந்துவிடுமானால் இதை ஆய்வு என்று அழைக்க முடியாது என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பார்.

முன்னோர் மொழிந்தவை

மீனை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதே முன்னோருக்குத் தீராத கேள்வியாக இருந்திருக்கிறது. சீனத்தில் சோங் அரசர்கள் காலத்திலேயே பொன்மீன் வளர்த்தவர்கள் அதைக் குளத்தில் விட்டு, மேலிருந்து குனிந்து பார்த்தார்கள். பிற்பாடு பீங்கான் தொட்டி வந்தபோதும் பார்வை மேலிருந்துதான். ஜப்பானியரின் ரான்சூ என்ற பொன்மீனுக்கு முதுகில் துடுப்பே கிடையாது. அகன்ற முதுகும் அது வாலில் போய் முடியும் வளைவும்தான் அதன் அழகு. இன்றைக்கும் போட்டிகளில் அதை ஆழமில்லாத தொட்டியில் விட்டு மேலிருந்து பார்த்தே மதிப்பிடுகிறார்கள். ரான்சூ வளர்ப்பவருக்கு ஸ்டாண்டு தேவையில்லை, முதுகுத்தண்டு வளைந்தால் போதும்.

மீனைப் பக்கவாட்டில் நேருக்கு நேர் பார்க்கும் பழக்கத்தைப் பரப்பியது கண்ணாடி. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் 1853இல் மீன் மனை திறந்தபோது பொதுமக்கள் மீனின் முகத்தைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். சென்னை மெரினாவில் 1909இல் கடல்வாழ் உயிர்களுக்கான காட்சிச்சாலை வந்தது. இவையெல்லாம் காசு கொடுத்து உள்ளே வந்தவர் நின்று, பார்த்து, நகர வேண்டிய இடங்கள். யாரும் அங்கே பாய் விரித்து உட்காருவதில்லை. ஆகவே பொதுக் காட்சிச்சாலையின் உயரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து பொருத்துவது முறையாகாது.

சிற்ப நூல்கள் உதவுமா? மயமதமும் மானசாரமும் பீடம் பற்றி விரிவாகவே பேசுகின்றன. கோயிலின் அதிட்டானத்தை ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் மொத்த உயரத்தில் எத்தனை பங்கு என்று கணக்குச் சொல்கின்றன. போதாவிட்டால் அதற்கும் கீழே உபபீடம் ஒன்று வைத்து உயர்த்திக்கொள்ளலாம். இந்த முறையை மீன்தொட்டி ஸ்டாண்டின்மேல் பொருத்திப் பார்த்தால் வியப்பான ஒற்றுமை தெரிகிறது. காலுக்கு அடியில் மாட்டும் ரப்பர் புஷ் உபபீடம். கீழ்ச்சட்டம் ஜகதி. நடுத்தட்டில் மீன் தீனி டப்பாவும், என்றோ பழுதான பம்பும், யாரும் தூக்கிப் போட மனம் வராத பிளாஸ்டிக் செடியும் அடையும் இடைவெளி கண்டம். மேலே விரிக்கும் பிளைவுட் பட்டிகை. இத்தனை பொருந்தியும், நூலோர் பீடத்தின் பங்குகளைச் சொன்னார்களே தவிர, மீனைச் சொல்லவில்லை. மச்சாவதாரத்தை வைத்துச் சமாளிக்கலாமா என்றும் யோசிக்கப்பட்டது. அவதாரத்துக்கு ஏர் பம்பு தேவைப்படாததால் அந்த வழி கைவிடப்பட்டது.

மும்மதங்கள்

பார்வையாளரின் உடல்நிலையை வைத்து இத்துறையில் மூன்று மதங்களைப் பிரிக்கலாம். நின்றார் மதம், இருந்தார் மதம், கிடந்தார் மதம். திருமால் கோயில்களில் நின்ற, இருந்த, கிடந்த என்று வழங்கும் மூன்று திருக்கோலங்கள் பெருமாளுடையவை. இங்கே பேசப்படுபவை பக்தருடையவை என்பது வேறுபாடு.

நின்றார் மதத்தினர் வீட்டுக்கு வரும் விருந்தினரை மனத்தில் வைத்துப் பேசுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைபவரின் முகத்துக்கு நேரே ஏஞ்சல் மீன் வந்து நிற்க வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்குக் கண்மட்டம் சுமார் 5 அடி. அதில் 9 அங்குலம் போனால் ஸ்டாண்டு 4¼ அடி. இந்த மதத்துக்கு உலகப் புகழ் பெற்ற ஆதரவாளர் ஒருவர் உண்டு. சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கார்பூசியே, கட்டடங்களின் எல்லா அளவுகளையும் ஒரு மனித உடலிலிருந்து பெறலாம் என்று 1940களில் மாடுலர் என்ற அளவுமுறையை உருவாக்கினார். முதலில் அவர் எடுத்துக்கொண்ட மனிதனின் உயரம் 1.75 மீட்டர். பிறகு அதை 1.83 மீட்டர், அதாவது ஆறடி ஆக்கினார். காரணம், ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் பார்வையான ஆண்கள், போலீஸ்காரர் உட்பட, எப்போதும் ஆறடி இருக்கிறார்களாம். ஆறடிப் போலீஸ்காரரின் கண்ணுக்கு நேராக அம்பத்தூர் வீட்டு மீன்தொட்டியை வைத்தால் ஸ்டாண்டு ஏறக்குறைய 4 அடி 10 அங்குலத்துக்குப் போகும். விருந்தினர் அந்த வாகில் அமைவது அரிது. வந்தாலும் மீன் பார்க்க வந்திருக்க மாட்டார்.

இருந்தார் மதம் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. நாற்காலிக் கிளை: சோபாவிலோ நாற்காலியிலோ உட்கார்ந்தவரின் கண், தரையிலிருந்து 3¾ அடி வாக்கில் நிற்கும், ஸ்டாண்டு 3 அடி. தரைக் கிளை: சம்மணமிட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே மீன் பார்ப்பவரின் கண்மட்டம் 2½ அடி, ஸ்டாண்டு 1¾ அடி. இரண்டு கிளையினருக்கும் இடையே நிலவுவது கோட்பாட்டுப் பகை மட்டுமல்ல, தலைமுறைப் பகையும்கூட. நாள் முழுவதும் வீட்டில் இருந்து மீனை உண்மையில் பார்ப்பவர் பெரும்பாலும் தரைக் கிளையினர். காசு கொடுத்து ஸ்டாண்டு செய்பவர் நாற்காலிக் கிளையினர். ஆதலால் 3 அடி வென்றுவருகிறது.

கிடந்தார் மதம் இதுவரை போதிய கவனம் பெறவில்லை. படுத்துக்கொண்டு மீன் பார்ப்பதில் உள்ள சுகம் மற்ற இரு மதத்தாருக்கும் தெரிந்ததுதான், வெளியே சொல்வதில்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தவரின் கண், மெத்தையோடு சேர்த்து 2¼ அடியில் இருக்கும். அவருக்கு 1½ அடி ஸ்டாண்டு. பாயில் படுத்தவருக்கோ கண்மட்டம் அரை அடிதான். 6 அங்குலத்திலிருந்து 9 அங்குலத்தைக் கழித்தால் ஸ்டாண்டின் உயரம் கழித்தல் 3 அங்குலம் என்று வருகிறது. கணிதப்படி குற்றமில்லை. நடைமுறையில் தரையை 3 அங்குலம் தோண்ட வேண்டும். சொந்த மனையில் தனி வீடு என்றால் பார்த்துக்கொள்ளலாம். அடுக்ககத்தில் இரண்டாம் மாடிக்காரர் தோண்டினால் முதல் மாடிக்காரரின் கருத்தையும் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்று கோலத்தையும் ஒரே கட்டடத்தில் அடக்கிக் காட்டிய முன்னுதாரணம் நம்மிடம் உண்டு. மதுரைக் கூடலழகர் கோயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்கள். மூன்றிலும் மூன்று கோலங்கள். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலிலும் அப்படியே. தமிழ்நாட்டுச் சிற்பிகள் மும்மதச் சிக்கலை மாடி மேல் மாடி கட்டித் தீர்த்துவிட்டார்கள். அதே வழியில் மூன்று தொட்டிகளை அடுக்கி வைக்கலாமே என்று கேட்பவர் ஏற்கெனவே கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பார். வீட்டுக்காரருக்கு ஒரே தொட்டி, ஒரே தட்டு.

நூற்பாவும் உரையும்

ஒரு துறை ஆய்வுத் தகுதி பெற நூற்பா ஒன்றாவது வேண்டும் என்பதால் கீழ்க்காண்பது யாக்கப்பட்டது.

நிற்பார்க்கு மார்பும் இருப்பார்க்கு நுதலும்
கிடப்பார்க்குக் கனவும் ஆகி நடுநின்
றொழுகா நீர்ப்பெட்டி உயரம் என்ப
வாளி தூக்கும் வல்லமை யோரே.

இஃது என்னுதலிற்றோ எனின், மீன்தொட்டியின் உயரத்துக்குப் பொதுவிதி கூறுதல் நுதலிற்று. நிற்பவருக்கு மார்பளவிலும் நாற்காலியில் இருப்பவருக்கு நெற்றியளவிலும் தொட்டி அமைய வேண்டும். கிடப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்துகொள்க என்பதாம். "ஒழுகா" என்றது, சிலிகான் ஒட்டு காயும்வரை பொறுத்திருந்து, வெட்டவெளியில் வைத்து ஓரிரு நாள் நீர் நிரப்பிச் சோதித்த தொட்டியை. ஒழுகுவதற்கு எவ்வுயரமும் தகும் ஆதலின் அது விலக்கப்பட்டது. "என்ப" என்றவர் யார் எனின், ஈற்றடி கூறும்: வாளி தூக்குவோர். தண்ணீர் மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமற் போகும் குடும்பத்தார் கூற்று ஈண்டுக் கொள்ளப்படாது.

ஈற்றடியில் வரும் இந்த வாளிதான் மும்மதங்களையும் கவிழ்க்கிறது.

வாளியியல்

மீன்தொட்டி பார்ப்பதற்கு உரியது என்ற மயக்கம் முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும். அதன்பின் அது கழுவுவதற்கு உரியது. வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். எடுப்பதற்கு ஒரு ரப்பர் குழாய், பிடிப்பதற்கு ஒரு வாளி. குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையை உறிஞ்சி வாளிக்குள் போட்டால் தண்ணீர் தானாக இறங்கும். உறிஞ்சுபவர் எந்தக் கணத்தில் வாயை எடுக்க வேண்டும் என்பது ஏட்டில் எழுதி வராத கல்வி.

இறங்கும் வேகம் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் வாளியின் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆனால் நேர்விகிதத்தில் அல்ல, வர்க்கமூல விகிதத்தில். வித்தியாசத்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காவதில்லை. நான்கு மடங்காக்கினால்தான் ஆகும். ஆகையால், தண்ணீர் சீக்கிரம் இறங்கட்டும் என்று ஸ்டாண்டை அரை அடி உயர்த்துபவருக்கு லாபம் சொற்பம். மறுபக்கம், ஒரு கீழெல்லை உண்டு. 20 லிட்டர் வாளி ஒன்றேகால் அடி உயரம் வரும். ஸ்டாண்டு அதற்கும் தாழ்ந்திருந்தால், தொட்டியை முழுவதும் காலி செய்ய வேண்டிய நாளில் வாளி நிரம்புவதற்கு முன்பே கடைசித் தண்ணீர் அதற்குள் ஏற மறுக்கும். கீழே தாம்பாளம் வைத்துப் பிடித்து, தாம்பாளத்திலிருந்து வாளிக்கு மாற்ற வேண்டியதுதான்.

எடுக்கும்போது ஸ்டாண்டு உயரமாக இருப்பது நன்று. ஊற்றும்போது தாழ இருப்பது நன்று. இந்த ஒரு முரணிலேயே துறை முழுவதும் அடங்கிவிடுகிறது. நின்றார் மதத்தின் 4¼ அடி ஸ்டாண்டில் தொட்டியின் விளிம்பு 5¾ அடியில் இருக்கும். 20 கிலோ வாளியை அதற்கு மேல் தூக்கிச் சரிப்பது குடமுழுக்கு. நாள் பார்த்துச் செய்ய வேண்டியது. மக்கில் மொண்டு ஊற்றலாம் என்றால், லிட்டர் மக்கில் ஒரு வாளிக்கு இருபது முறை கை ஏறி இறங்கும். 3 அடி ஸ்டாண்டில் விளிம்பு 4½ அடி. அங்கே வாளியை மார்போடு அணைத்துச் சாய்க்கலாம். பாதி தண்ணீர் தொட்டிக்கும் மீதி சட்டைக்கும் போகும்.

கையின் நீளமும் இதில் பேச வேண்டியது. தொட்டியின் அடியில் சாய்ந்துவிட்ட கல்லை நிமிர்த்த, விளிம்பு அக்குளுக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு அக்குள் 4 அடி வாக்கில் இருக்கும். அதிலிருந்து தொட்டியின் 18 அங்குலத்தைக் கழித்தால் ஸ்டாண்டு இரண்டரை அடிக்கு மேல் போகக் கூடாது. போனால் ஸ்டூல் வேண்டும். இதனால் பெறப்படுவது யாதெனின், ஸ்டாண்டின் உயரமும் ஸ்டூலின் உயரமும் சேர்ந்தே ஒரு முடிவு; ஒன்றை மட்டும் வைத்துப் பேசுபவர் தொட்டியைக் கழுவியவர் அல்லர்.

இன்னும் ஒரு நுணுக்கம் மின்வெட்டால் வருகிறது. ஏர் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்வரை குழாய்வழியே காற்று உள்ளே போகும். கரண்டு போனால், பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளில், தண்ணீர் அதே குழாயில் திரும்பி இறங்கிப் பம்பை நனைக்கக்கூடும். பம்பு வைப்பதற்கென்றே எல்லோரும் ஆசையாகச் செய்யும் நடுத்தட்டு, இயற்பியலின்படி அது இருக்கக் கூடாத இடம். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டலாம். அல்லது குழாயின் நடுவே சிறிய ஒருவழி வால்வைச் செருகலாம். சில ரூபாய்தான். அதை வாங்கும் நினைவு கரண்டு வந்த பிறகே வரும்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக. நாலரை கன அடித் தொட்டி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்ற கணக்கில் விளிம்புவரை 127 லிட்டர். இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் தண்ணீர் மட்டும் 113 கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடி 28 கிலோ சொச்சம், மணலும் கல்லும் 20. ஆக 160 கிலோ, ஓரடி அகலத்தின் மேல் நிற்கிறது. 4¼ அடி ஸ்டாண்டில் நீரின் எடைமையம் 5 அடிக்குப் போய்விடும். அப்போது ஸ்டாண்டு ஆறு பாகை சாய்ந்தாலே கவிழும். 1¾ அடி ஸ்டாண்டு பதினொரு பாகைவரை பொறுக்கும். ஏறிப் பார்க்கும் வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில் உயரம் எதுவானாலும் இரண்டு கிளாம்பு போட்டுச் சுவரோடு பிடித்துவிட வேண்டும். இதில் மதபேதம் இல்லை.

மீன் தரப்பு

மீனின் விருப்பத்தை அறிய முற்பட்டதில் ஒரு முறையியல் சிக்கல் எழுந்தது. எந்த உயரத்தில் தொட்டியை வைத்தாலும், ஆள் அருகில் போனவுடன் எல்லா மீனும் முன்கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறக்கின்றன. எல்லாக் கேள்விக்கும் தீனி என்ற ஒரே பதிலைத் தருபவரிடமிருந்து திரட்டும் தரவு ஆய்வுக்கு உதவாது.

ஆனால் தாழ்ந்த ஸ்டாண்டு மீனுக்கு ஆகாது என்பதற்குக் காரணம் உண்டு. மீன்கொத்தியும் கொக்கும் வருவது மேலிருந்து. தலைக்கு மேலே சட்டென்று பெரிய உருவம் அசைந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற பாடம் மீனுக்குக் கற்றுக் கொடுத்து வருவதில்லை. ஒன்றே முக்கால் அடி ஸ்டாண்டைத் தாண்டி ஒவ்வொரு முறை துண்டை உதறிக்கொண்டு போகும்போதும், உள்ளே இருப்பவற்றுக்கு அது கொக்கு.

பார்ப்பவர் கண் எங்கே இருக்கிறது என்பதற்கேற்ப மீனின் எண்ணிக்கையும் மாறுகிறது. கண் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், நீரின் மேற்பரப்பு அடியிலிருந்து வெள்ளி முலாம் பூசியதுபோல் மின்னும். மேலே மேயும் ஒவ்வொரு கப்பிக்கும் தலைகீழாக ஓர் இரட்டை தெரியும். கண் மேலே இருந்தால், அதே மீன் முன்கண்ணாடி வழியாக ஒருமுறையும் மேற்பரப்பு வழியாக மறுமுறையும் தெரியும். பத்து வாங்கிவந்தவர் பன்னிரண்டை எண்ணி மகிழ்வது இதனால். மேலிருந்து நோக்குபவருக்கு இன்னொரு நட்டமும் உண்டு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஆழம் முக்கால் பங்காகத்தான் தோன்றும். 18 அங்குலத்துக்குக் காசு கொடுத்தவர் பதின்மூன்றரை அங்குலம் பார்க்கிறார். ஆகவே ஒளியியல் இருந்தார் மதத்தின் பக்கம், வாளி இருந்தாரின் தரைக் கிளைக்கும் நாற்காலிக் கிளைக்கும் நடுவில், மீன் தரைக் கிளைக்கு எதிர்.

திசை வழக்கு

வாஸ்து வல்லுநர்கள் உயரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மூலையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஈசானிய மூலையில் நீர் இருப்பது நன்று என்பது அவர்கள் வாக்கு. ஈசானிய மூலையில் பாரம் ஏற்றக் கூடாது என்பதும் அவர்கள் வாக்கே. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதை மறுக்கும் வாஸ்து நூல் எதுவும் இல்லாதபடியால், 113 லிட்டரை வடகிழக்கில் வைப்பவர் ஒரே சமயத்தில் செல்வத்தையும் சங்கடத்தையும் வரவேற்கிறார். இதற்குப் பரிகாரம் கேட்டால் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள் என்று சொல்வதுண்டு. எவ்வளவு என்று கேட்டால், வீட்டுக்காரரின் நட்சத்திரம் கேட்பார்கள்.

பட்டறையில் கண்ட முடிவு

இத்தனையும் எழுதி எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனால், பட்டறைக்காரர் தாளை வாங்கிப் படிப்பதில்லை. தொட்டி அளவை மட்டும் கேட்கிறார். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் ஸ்கொயர் பைப்பைப் பார்க்கிறார். "மூணேகால் வெச்சுக்கோ சார். பைப் வேஸ்டே ஆவாது."

அவர் கணக்கு இது. ஸ்கொயர் பைப் 20 அடி நீளமாக வரும். 3 × 1 அடி ஸ்டாண்டுக்கு மேல்சட்டம், நடுச்சட்டம், கீழ்ச்சட்டம் என மூன்று சட்டங்கள். நீளத் துண்டு சட்டத்துக்கு இரண்டு வீதம், மூன்றடியில் ஆறு. அகலத் துண்டு, ஓரடியில் ஆறு. ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவே குறுக்குத்தாங்கி ஒன்று, அதுவும் ஓரடியில் மூன்று. மொத்தம் 27 அடி. இரண்டு பைப் வாங்கினால் 40 அடி. மீதி 13 அடி. நான்கு காலுக்கு வகுத்தால் காலுக்கு மூன்றேகால் அடி. வெட்டுக்கும் அப்படியே வரும்: முதல் பைப்பில் மூன்றடித் துண்டு ஆறும் ஓரடித் துண்டு இரண்டும், இரண்டாவதில் கால் நான்கும் ஓரடி ஏழும். துணுக்கு மிஞ்சாது. கட்டிங் சக்கரம் தின்னும் சேதாரம் காலுக்கு கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அதை ரப்பர் புஷ் ஈடுகட்டிவிடும். ரெட் ஆக்ஸைடு ஒரு கோட்டு, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட். வீட்டுக்கு வந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிளைவுட், அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் தொட்டி.

மூன்றேகால் அடி என்பது நாற்காலிக் கிளையின் 3 அடிக்குச் சற்று மேல், நின்றார் மதத்தின் 4¼ அடிக்கு வெகு கீழ். நிற்பவருக்கு மார்பளவு, நாற்காலியில் இருப்பவருக்கு நெற்றியளவு. நூற்பா சொன்னதுதான் ஏறக்குறைய வந்திருக்கிறது, ஆனால் அது நூற்பாவால் வரவில்லை; உருக்காலை பைப்பை இருபதடியாக வெட்டி அனுப்புவதால் வந்தது. அகநிலைச் சான்று, ஒளியியல் சான்று, வாளிச் சான்று அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, தமிழ்நாட்டில் வீட்டில் செய்த மீன்தொட்டி ஸ்டாண்டுகளின் உயரத்தை இனி பைப்பின் மீதியாகவே கருத வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு.

உயரம் பைப்பால் நிலைபெற்றுவிட்டதால், மாற்றக்கூடியது மீன் ஒன்றுதான். சோபாவில் சரிந்து உட்காரும் குடும்பத்தின் கண் தொட்டியின் அடிப்பாதியில் படும். அவர்களுக்கு அடியில் மேயும் கோரிடோராஸ், லோச். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருபவருக்கு நடுநீரில் நிற்கும் ஏஞ்சல், டெட்ரா. நின்றபடி வாளியோடு வருபவருக்கு மேற்பரப்புக் கப்பி. கடைக்காரர் கண்ணாடி அழுக்கைத் தின்னும் என்று சொல்லிச் சக்கர் மீன் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார். வாங்கும்போது விரலளவு இருக்கும் அது வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தாண்டினால் மூன்றடித் தொட்டி போதாது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் வேண்டும்.

மறுபடி பட்டறை. நாலடித் துண்டு ஆறு, 24 அடி. ஒன்றரை அடித் துண்டு ஒன்பது, பதின்மூன்றரை அடி. அதே இரண்டு பைப்பில் மீதி இரண்டரை அடி. காலுக்கு ஏழரை அங்குலம், நடுத்தட்டும் அதற்குள்ளேயே. பாயில் கிடந்தாருக்குக் கழித்தல் 3, கட்டிலில் கிடந்தாருக்குக் கூட்டல் 18 என்று மேலே கண்டோம். இரண்டின் சராசரி ஏழரை.